புதுப்பேட்டையில் பழைய கார் பாகம் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. டெல்லிக்கு மாயாபுரி, மும்பைக்கு குர்லா மாதிரி, சென்னைக்கு இந்த இடம். கழற்றிய கதவுகளும் கியர்பாக்ஸ்களும் ஹெட்லைட்டுகளும் கடை வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். 2012-ல் வாங்கிய ஃபோர்டு ஃபிகோ டீசல் காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதால் எனக்கு அங்கே அடிக்கடி வேலை இருக்கும். நல்ல பாகம் கிடைத்து நிம்மதியாக வீடு திரும்பிய நாட்களும் உண்டு, காசைத் தொலைத்த நாட்களும் உண்டு. நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காயலான் கடையில் பாகம் வாங்குவதே தப்பு என்கிறார்களே?

தப்பே இல்லை. சில கார்களுக்கு வேறு வழியும் இல்லை. செவ்ரோலே 2017-ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் ஒரு பின்கதவுக்கோ டெயில் லைட்டுக்கோ வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட, நல்ல நிலையில் கழற்றியதை வாங்கி மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்தான்.

எந்தப் பாகத்தை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வைத்திருக்கிற கணக்கு ஒன்றுதான். வாங்கும் முன் கண்ணால் பார்த்தோ ஓட்டிச் சோதித்தோ தெரிந்துகொள்ள முடிகிற பொருளா? கெட்டுப்போனால் போவது காசா, உயிரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அங்கே இருக்கும் வண்டிகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன?

இதைக் கேட்காமல்தான் பெரும்பாலானவர்கள் பாகத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆனால் பாகத்தின் தரம் தெரிய வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

வயதாகி ஓய்ந்த வண்டிகள் ஒரு பக்கம். அவற்றின் கதவும் கண்ணாடியும் நன்றாக இருக்கும், இன்ஜின் தேய்ந்திருக்கும். விபத்தில் சிக்கி, பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் காப்பீட்டு நிறுவனம் 'டோட்டல் லாஸ்' என்று முடிவு செய்து விற்ற வண்டிகள் இன்னொரு பக்கம். அவை புது மாடலாகவும் குறைவாக ஓடியதாகவும் இருக்கும். முன்பக்கம் அடிபட்டதென்றால் பின்பக்கக் கதவு, டிக்கி, பின் சீட் எல்லாம் அருமையாகக் கிடைக்கும். ஆனால் அதே வண்டியின் ரேடியேட்டரையோ ஸ்டியரிங் ராக்கையோ தொடக்கூடாது. அடுத்தது வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். அதற்குக் கீழே தனியாகவே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். கடைசியாகத் திருட்டு வண்டிகள்.

அதனால் கடைக்காரரிடம், "அண்ணே, இது எந்த வண்டியில கழட்டினது? வண்டி இருக்கா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார், அல்லது வண்டி நம்பரையாவது சொல்வார். புதுப்பேட்டையில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள், ஒரு போல்ட்டைப் பார்த்தே எந்த மாடல் என்று சொல்பவர்கள். அவர்களிடம் கற்றதுதான் இங்கே எழுதியிருப்பதில் பாதி. "அதெல்லாம் எதுக்கு சார், பொருள் கேரண்டி" என்று பேச்சை மாற்றுகிறவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள்.

எதை வாங்கவே கூடாது?

ஏர்பேக். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குத்தான் இப்போது அதிகம் பேர் காயலான் கடைக்குப் போகிறார்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்திருக்கும், புதிதாகப் போட விலை கேட்டால் தலை சுற்றும். உடனே யாராவது பழையதைப் போட்டுத் தருகிறேன் என்பார்.

ஏர்பேக்குக்குள் இருப்பது ஒரு வெடிபொருள். மோதிய நொடியில் அது எரிந்து வாயுவாகிப் பையை ஊத வேண்டும். அந்த வெடிபொருள் எத்தனை வருட வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தியிருந்தார்கள். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டதில் அது கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடித்து ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் துண்டுகளைப் பாய்ச்சியது. வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திரும்பப்பெறல் அதுதான். உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி ஏர்பேக் ஊதுகருவிகள். இந்தியாவில் ஹோண்டாவும் பழைய சிட்டி, ஜாஸ், சிவிக் போன்ற கார்களைத் திரும்ப அழைத்து மாற்றித் தந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். சென்னையின் வானிலை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு மோசமான வேலையும் நடக்கிறது. வெடித்துப் போன பையை மடித்து உள்ளே திணித்து, மேல் மூடியை மட்டும் புதிதாக மாட்டிவிடுவார்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியக்கூடாது என்பதற்காக வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகிவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும், கண்ட்ரோல் யூனிட் எல்லாம் சரி என்று நம்பிவிடும். பை மட்டும் வராது.

சீட் பெல்ட்டும் அப்படித்தான். விபத்தில் ஒருமுறை உடலைத் தாங்கிப் பிடித்த பெல்ட்டின் நெசவு இழுபட்டிருக்கும். முன் சீட் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனர் பெரும்பாலான கார்களில் ஒருமுறைதான் வேலை செய்யும்.

அப்புறம் பிரேக் பேட், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் எதுவும் வேண்டாம். ரப்பர் உள்ளே வெடித்திருப்பதும் இரும்பில் மயிரிழை விரிசல் இருப்பதும் வெளியே தெரியாது. பிரேக் டிஸ்க் நன்றாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். டிஸ்கின் ஓரத்தைப் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று அதிலேயே பொறித்திருக்கும். காயலான் கடைக்கு வந்த டிஸ்க் பெரும்பாலும் அந்த அளவை நெருங்கியிருக்கும். லேத்தில் கொடுத்துப் பளபளவென்று கடைந்திருந்தால் இன்னும் மெலிந்திருக்கும்.

பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்களோடு ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன், அதாவது டயரின் மேலிருக்கும் பள்ளம், ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருந்தால் மழையில் பிடிக்காது. தேய்ந்த டயரில் சூடான பிளேடால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு வைப்பதும் உண்டு. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரத்தில், தேய்மானத்தைக் காட்டுவதற்காக ஆலையிலேயே வைப்பது. பள்ளம் வெட்டிய டயரில் அந்த மேடு காணாமல் போயிருக்கும், அல்லது பள்ளத்தின் அடியில் கம்பி இழை எட்டிப் பார்க்கும். டயர் புதிதாகவே வாங்குங்கள்.

சரி, தைரியமாக எதை வாங்கலாம்?

கதவு, பானெட், டிக்கி, ஃபெண்டர், பம்பர், கதவுக் கண்ணாடி, சைடு மிரர், ஹெட்லைட், டெயில் லைட், சீட், டாஷ்போர்டு பிளாஸ்டிக், கதவுக் கைப்பிடி, பவர் விண்டோ மோட்டார், வைப்பர் மோட்டார், டைனமோ, செல்ஃப் மோட்டார். இவற்றில் பெரும்பாலானவை அங்கேயே ஒரு பேட்டரியை வைத்து ஓட்டிப் பார்க்கக்கூடியவை. டைனமோவைக் கையால் சுழற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது.

கதவை வாங்கும்போது ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், எங்கே பிடிப்பு விடுகிறதோ அங்கே பெயின்ட்டுக்கு அடியில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து கதவின் கீழ் விளிம்பு மடிப்பைக் குனிந்து பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அதே நிறத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதே நிறம் என்று நினைத்து வாங்கியது வெயிலில் மாட்டிப் பார்க்கும்போது ஒரு பிடி வெளிறியிருக்கும்; பெயின்ட் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டில் கண்ணாடியைவிடப் பின்பக்கத்து லாக்குகள்தான் முக்கியம். ஒரு லாக் உடைந்திருந்தாலும் ஓட்டும்போது வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஏ.சி. கம்ப்ரசர்?

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு கடையில் கம்ப்ரசரைக் காட்டினார்கள். கிளட்ச் நன்றாகச் சுற்றியது, வெளியே துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பேரம் பேசி வாங்கிவந்தேன். ஆறு வாரத்தில் உள்ளே தேய்ந்து, இரும்புத்தூள் கண்டென்சர் வரைக்கும் போய் அடைத்துவிட்டது. கம்ப்ரசரில் மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு செலவானது.

பிறகு என் மெக்கானிக் அண்ணன் ஒரு விஷயம் காட்டினார். கம்ப்ரசரின் இரண்டு பைப் துவாரங்களையும் கவிழ்த்து, ஒரு வெள்ளைத் துணியில் நாலு சொட்டு எண்ணெயை விழவிட வேண்டும். தெளிவாக, அல்லது லேசான மஞ்சளாக இருந்தால் சரி. கறுப்பாக, மினுமினுப்பான தூளோடு வந்தால் அதைத் திருப்பி வைத்துவிட்டு நடந்துவிட வேண்டும். நான் வாங்கியதன் துவாரங்கள் திறந்தே கிடந்தன. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. மூடியில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த கம்ப்ரசர் எப்படி நன்றாக இருக்கும்? கம்ப்ரசர் மாற்றும்போது, ஏ.சி-க்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாகத்தான் போட வேண்டும். அதைப் பழையதாக யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அதே மாடல் என்று சொல்லித்தான் வாங்கினேன். பொருந்தவில்லையே, ஏன்?

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எத்தனையோ மாறியிருக்கும். மாருதி, டாடா, ஃபியட் கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் ஃபியட்டின் ஒரே இன்ஜின்தான். ஸ்விஃப்டில் வந்தது 75 குதிரைத்திறன், எர்டிகாவில் வந்தது 90. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் டர்போ வேறு வகை. 90-இல் இருப்பது உள்ளே இறகுகள் அசைந்து காற்றின் வேகத்தை மாற்றுகிற டர்போ. 'ஒண்ணேதான் சார்' என்று கொடுத்தால் வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

அலாய் வீல் இன்னொன்று. நான்கு போல்ட் என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறார்கள். ஸ்விஃப்டில் அந்த நான்கு போல்ட்டும் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், ஃபிகோவில் 108. எட்டு மில்லிமீட்டர்தானே என்று போல்ட்டை வளைத்து மாட்டிக் கொடுக்கும் கைகளையும் பார்த்திருக்கிறேன். ஓடும் வண்டியில் சக்கரம் கழன்று போவதற்கு அது போதும்.

கியர்பாக்ஸ் வெளிக்கூடு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பல் விகிதம் வேறாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் அதன் மேலிருக்கும் பாக எண்ணை, லேபிளை, வயரை இணைக்கும் கப்ளரில் எத்தனை பின் இருக்கிறது என்பதைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக எண்ணில் கடைசி எழுத்து மாறினாலே வேறு பொருளாக இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்திலிருந்து தயாரிப்பு மாதம், ஆண்டு, மாசு விதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் முதல் விற்ற கார்கள் பி.எஸ்.-6, அதற்கு முந்தைய காரின் சென்சாரையோ சைலன்சரையோ இதில் போட முடியாது.

ஈ.சி.எம். பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

காரின் மூளை அது. ஒரு வண்டியின் மூளையை எடுத்து இன்னொரு வண்டியில் வைத்தால், அது இன்னும் பழைய வண்டியின் சாவியைத்தான் தேடிக்கொண்டிருக்கும். இம்மொபிலைசர் இருக்கும் காரில் சாவியும் ஈ.சி.எம்-மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி ஓடும். நண்பர் ஒருவர் இப்படி வாங்கி மாட்டினார். செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவே இல்லை, டாஷ்போர்டில் சாவி விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் பெட்ரோல் பம்பையும் வயரிங்கையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஸ்கேனர் வைத்துப் புதிதாகப் பதிவு செய்யத் தெரிந்த எலக்ட்ரீஷியன் முதலில் "முடியும்" என்று சொன்ன பிறகே வாங்குங்கள்.

டீசல் இன்ஜெக்டரும் இதே கதை. பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் டீசலைத் தெளிக்கும் அளவில் இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தை ஈ.சி.எம்-முக்குச் சொல்வது அதுதான். அதைப் பதியாமல் மாட்டினால் வண்டி உதறும், புகையும், மைலேஜ் விழும். அந்தக் குறியீடு தேய்ந்து போயிருக்கும் இன்ஜெக்டரை வாங்க வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டுக்குப் பிறகும் சென்னையில் ஏராளமான கார்கள் கழுத்தளவு நீரில் நின்றன. அவற்றின் பாகங்கள் ஒரே மாதத்தில் தீர்ந்துபோவதில்லை. வருடக்கணக்கில் சந்தையில் சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்கும் அன்று எல்லாம் வேலை செய்யும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் கப்ளருக்குள் பச்சை பூத்து, ஒவ்வொன்றாகப் படுக்கும்.

வண்டி இன்னும் கடையில் நின்றால் ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து முழுக்க, கடைசி வரைக்கும் வெளியே இழுங்கள். எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஓரடியை யாரும் கழுவுவதில்லை. ஒருமுறை அப்படி இழுத்தபோது பெல்ட்டின் குறுக்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதற்குக் கீழே துணி மொரமொரவென்று காய்ந்திருந்தது. அந்த வண்டியின் பவர் விண்டோ மோட்டாருக்காகத்தான் நான் போயிருந்தேன். பேசாமல் பெல்ட்டை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தனியாகக் கழற்றிய பாகம் என்றால் கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பித்தளை நிறம் மங்கியிருக்கலாம்; பச்சைப் பொடியோ வண்டல் துகளோ இருக்கக்கூடாது. ஹெட்லைட்டுக்குள் நீர் நின்ற தடம், ஸ்பீக்கர் வலையில் மண், மோட்டாரின் ஸ்குருத் தலையில் புதுத் துரு, எல்லாமே சாட்சிதான்.

முழு இன்ஜினையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எதைப் பார்த்து வாங்குவது?

அவசரப்படாமல் அரை நாள் ஒதுக்குங்கள், மெக்கானிக்கும் கூட வரவேண்டும். ஓடும் நிலையில் வண்டியிலேயே இருக்கும் இன்ஜின் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் குறை மறைந்துவிடும்.

கழற்றிக் கீழே வைத்த இன்ஜின் என்றால் ஆயில் மூடியைத் திறந்து அடியில் விரல் விடுங்கள். காபிக்கலர் வெண்ணெய் மாதிரி ஒட்டினால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கிராங்க் புல்லி போல்ட்டில் பெரிய ஸ்பானரைப் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், எங்கும் தட்டக்கூடாது.

வெள்ளச் சந்தேகம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். தண்ணீரில் நின்ற காரை அவசரத்தில் ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாக மெல்லிய கம்பியை விட்டு ஆழத்தை அளங்கள். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே நின்றால் அந்த ராடு வளைந்திருக்கிறது. கம்ப்ரஷன் சோதனை செய்தால் சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

கியர்பாக்ஸுக்கு ஆயில்தான் ஜாதகம். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. பல் துண்டோ செதிலோ இருந்தால் வேண்டாம்.

இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ-வுக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். இன்ஜின் எண் உங்கள் ஆர்.சி-யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி மாற்றத்துக்குப் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். சொல்லாமல் விட்டால் எஃப்.சி-யின்போதோ விற்கும்போதோ மாட்டிக்கொள்வீர்கள். விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும்போது மாட்டினால் இன்னும் மோசம். அதனால் பில்லும் அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆதாரமும் இல்லாமல் இன்ஜினுக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

எண் பொறித்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். கிரைண்டர் ஓட்டிய தடம், சுற்றியிருக்கும் வார்ப்பைவிட வழவழப்பாக ஒரு பகுதி, எழுத்துக்கள் ஒரே ஆழத்தில் இல்லாமை ஆகியவை இருந்தால் அது திருட்டு இன்ஜினாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திருட்டுப் பாகம் என்று தெரியாமல் வாங்கிவிட்டால்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். பில் இல்லை, விலை பாதிக்கும் கீழே, எண் அழிக்கப்பட்டிருக்கிறது என்றால் அதை யார் நம்புவார்கள்? வழக்கு வராவிட்டாலும் பொருளைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும்.

தேசிய குற்றப் பதிவகத்தின் 'வாகன் சமன்வய்' இணையச் சேவையில் இன்ஜின் எண், சேசிஸ் எண் கொடுத்து அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். சேசிஸ் எண் 17 இடங்கள் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துக்கள் வராது, வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம்தான்.

மெக்கானிக்கே வாங்கித் தருகிறேன் என்கிறார். விட்டுவிடலாமா?

நம்பிக்கையான மெக்கானிக் என்றால் அவரை அழைத்துக்கொண்டு நீங்களும் போங்கள். அவருடைய கண் வேண்டும், அதற்குக் கூலியும் மனமாரக் கொடுங்கள். அவர் மட்டும் போய் வந்தால் என்ன விலை, எந்தக் கடை, எந்த வண்டி எதுவும் உங்களுக்குத் தெரியாது. பாகம் கெட்டால் யாரிடம் போவது என்பதும் தெரியாது.

'ரீகண்டிஷன்' என்று புதுப் பெட்டியில் வைத்துத் தருகிறார்களே?

உள்ளே என்னென்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பேரிங், கார்பன் பிரஷ், சீல் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தால் அது ரீகண்டிஷன். கழுவிப் பெயின்ட் மட்டும் அடித்திருந்தால் அது பழைய பாகம்தான், பழைய விலைதான். கம்பெனிப் பெட்டி, ஹாலோகிராம் ஸ்டிக்கர் இவற்றை மட்டும் பார்த்து ஒரிஜினல் என்று நம்ப வேண்டாம். பெட்டியும் ஸ்டிக்கரும் போலியாக வருகின்றன.

பில் கேட்டால் விலை கூடும் என்கிறார்கள்.

கூடட்டும். குறைந்தது கடை முத்திரையோடு ஒரு காகிதத்திலாவது பாகத்தின் பெயர், பாக எண், கழற்றிய வண்டியின் நம்பர், தேதி, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக மாட்டிப் பார்க்கச் சில நாள் கொடுப்பார்கள். கொடுக்கும்போது பாகத்தில் பெயின்ட்டால் ஒரு குறி போடுவார்கள். நீங்கள் மாற்றி வேறு பாகத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக. அது நியாயம்தான். அந்தக் குறியை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மறுநாளே மாட்டுங்கள். மெக்கானிக்குக்கு நேரமில்லை என்று இரண்டு வாரம் டிக்கியில் போட்டு வைத்தால் திருப்பும் காலம் முடிந்துவிடும்.

பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணமே இல்லை.

இணையத்தில் படம் பார்த்து ஆர்டர் செய்யலாமா?

வெளியூரில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லாமல் போகலாம். முன்பணம் கேட்பவரிடம் வீடியோ கால் வரச் சொல்லி, பாக எண்ணின் மேல் கேமராவை வைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே அன்றைய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி வைக்கச் சொன்னால், வேறு எங்கிருந்தோ எடுத்த படத்தை வைத்துப் பணம் கேட்பவர் அத்தோடு நின்றுவிடுவார்.

என் பழைய காரையே காயலான் கடைக்குக் கொடுக்கப் போகிறேன். நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும்வரை அந்த வண்டி செய்வதெல்லாம் உங்கள் கணக்குதான். உங்கள் நம்பர் பிளேட்டையும் சேசிஸ் எண்ணையும் ஒரு திருட்டுக் காருக்கு மாட்டி ஓட்டினால், போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்.

2021-இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். புதுக் கார் வாங்கும்போது வரிச் சலுகைக்கும் அது உதவும். விலை காயலான் கடையைவிடக் குறைவாகச் சொன்னாலும் நான் அதையே சொல்வேன். உள்ளூர்க் கடையில்தான் கொடுப்பதென்றால், சேசிஸ் எண் பொறித்த தகட்டை உங்கள் கண்ணெதிரே வெட்டி எடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு நம்பர் பிளேட்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரரின் அடையாள அட்டை நகலும், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய கையெழுத்துத் தாளும் வேண்டும். பதினான்கு நாளுக்குள் ஆர்.சி-யோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்து, வங்கியில் அந்தக் கணக்கையும் மூடிவிடுங்கள்.